ட்ராங்கியா 25: நாலு பேருக்குச் சோறு பொங்கும் சாரணர் அடுப்பு

ஸ்வீடனின் ட்ராங்ஸ்விகன் என்ற ஊரில் தயாராகிற ஸ்பிரிட் அடுப்பு இது. 1951-இல் வந்த அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பிரிட்டனில் சாரணப் பிள்ளைகள் பலர் முதலில் சமைத்துப் பழகுவது இதில்தான். முகாமில் பழகியதை வீட்டாரோடு போகும்போதும் செய்ய ஆசைப்படுவார்கள். அப்போது வாங்க வேண்டியது 25 வரிசை. 27 வரிசை இரண்டு பேருக்குத்தான் காணும்.

செட்டில் 1.75, 1.5 லிட்டர் பாத்திரங்கள், 22 செ.மீ. வாணலி (இதுவே மூடியும்கூட), இரண்டு துண்டாகப் பிரியும் காற்றுத் தடுப்பு, பித்தளை பர்னர், தீயைக் குறைக்கும் வளையம், இடுக்கி எல்லாம் இருக்கும். பம்பும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் கெட்டுப்போக ஏதும் இல்லை, ஒரே ஒரு ரப்பர் வளையத்தைத் தவிர. பர்னர் சூடாக இருக்கும்போதே திருகுமூடியைப் போட்டால் மூடிக்குள் இருக்கும் அந்த ரப்பர் வளையம் உருகிவிடும். பிறகு ஸ்பிரிட் கசிந்து பை முழுக்க நாறும். உதிரி வளையம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கீழ்த் தடுப்பில் ஒரு பக்கம் துளைகள் இருக்கும். அந்தப் பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். மற்ற அடுப்புகளைக் காற்று அணைக்கும், இதை இன்னும் நன்றாக எரியவைக்கும். பர்னரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. பற்றவைத்த சிறிது நேரத்தில் விளிம்புத் துளைகளில் தீ கிளம்பும், அதன் பிறகு பாத்திரத்தை ஏற்றலாம். ஒரு ஊற்று சுமார் 20, 25 நிமிடம் எரியும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 8 முதல் 10 நிமிடம் ஆகும்.

சோறுதான் உண்மையான பரீட்சை. 400 கிராம் அரிசியை அரை மணி ஊறவைத்து, பெரிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் போடுங்கள். மறுகொதி வந்தவுடன் இடுக்கியால் குறைப்பு வளையத்தைப் பர்னர் மேல் வையுங்கள். அதன் தகட்டைப் பாதி மூடிய நிலைக்கு முதலிலேயே தள்ளிவைத்துவிட வேண்டும், வைத்த பிறகு விரலால் தொட முடியாது. வாணலியால் மூடி 12 நிமிடம், இறக்கி 10 நிமிடம். வளையம் போடாமல் வைத்தால் அடி கரி, மேலே நறுக்கரிசி.

புளி, தக்காளி சேரும் சமையலுக்குச் சாதா அலுமினிய செட் ஏற்றதல்ல. புளிப்பு அலுமினியத்தை அரித்து, குழம்பில் உலோக ருசி ஏற்றும். நம் வீடுகளுக்கு ஹார்டு அனோடைஸ்டு (மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம்) செட்தான் சரி, விலை கூடினாலும். கரி பிடிப்பதைக் குறைக்க லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 மில்லி தண்ணீர் கலக்கலாம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவிவைத்தால் கரி கழுவும்போதே போய்விடும்.

பெரிய ஆபத்து ஸ்பிரிட்டை மறுபடி ஊற்றும்போதுதான். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீ பாட்டில்வரை பாயும். குறைப்பு வளையத்தை முழுக்க மூடிப் போட்டு அணைத்து, பர்னர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். பாட்டில் எப்போதும் பெரியவர் கையில். பற்றவைப்பது, காற்றுப் பார்ப்பது, காய் நறுக்குவது, நேரம் பார்ப்பது எல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக விடலாம். வேலை இப்படிப் பிரிவதும், அரை மணி நேரம் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார நேர்வதும்தான் குடும்பத்துக்கு இந்த அடுப்பால் லாபம். நின்ற இடத்தில் காப்பி கேட்கிற ஆள் வீட்டில் இருந்தால் அதே தடுப்பில் பொருந்தும் கேஸ் பர்னரைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பர்னரானாலும் மழை வருகிறதே என்று டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கெட்டில் வேண்டுமா என்றால், வேண்டும். 0.9 லிட்டர் பிடிக்கும், பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அது இல்லாமல் போனால் காலை டீயில் நேற்றைய சாம்பார் மணக்கும்.