முட்டைக்குள் எட்டிப் பார்க்க 2,800 ரூபாய்

நான் வாங்கிய நுண்ணோக்கியின் பெட்டி மேல் ‘1600 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பொய். ஸ்கேலின் ஒரு மில்லிமீட்டரை அடியில் வைத்து நானே கணக்குப் பார்த்தேன். தெளிவாகத் தெரிவது 60, 70 மடங்கு வரைதான். அதற்கு மேல் திருகினால் படம் பெரிதாகிறது, புதிதாக எதுவும் தெரிவதில்லை. ஆனாலும் லேப்டாப்பில் செருகும் இந்த நுண்ணோக்கியைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. தண்ணீர் குடித்து உப்பிய கட்லா மீன் முட்டை நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும். 60 மடங்கிலேயே அது திரையை அடைத்துக்கொள்கிறது.

கொள்ளிடக் கரையோரம் எங்களுக்குச் சிறிய மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. மாலையில் சினை மீனுக்கு ஊசி போட்டால் நள்ளிரவு தாண்டி முட்டையிடும். மறுநாள் மாலைக்குள் குஞ்சு பொரிந்துவிடும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் மீன் ஆய்வாளர் ஹிராலால் சௌத்ரி முதன்முதலில் ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார் என்று அந்த நாளைத்தான் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் ஊசிக்குப் பிறகு முட்டைக்குள் நடப்பதை நாங்கள் கண்டது வெள்ளைத் தட்டில்தான். கண்ணாடி போல இருந்தால் நல்லது, பால்போல வெளுத்தால் சொத்தை. அவ்வளவுதான் எங்கள் பரிசோதனை.

வாங்கிய முதல் வாரம் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கருவியின் விளக்குகள் மேலிருந்து அடிப்பதால் முட்டையின் மேல் வெள்ளை வட்டம் மட்டும் பளபளத்தது. பிறகு அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, செல்போன் திரையை முழு வெள்ளையாக்கி, அதன் மேல் டிரேசிங் பேப்பர், அதன் மேல் கண்ணாடிக் கிண்ணம் என்று வைத்தேன். ஒளி கீழிருந்து ஊடுருவியதும் முட்டை திறந்துகொண்டதுபோல் இருந்தது. உருண்டு ஓடாமல் இருக்கக் கடற்பாசி காய்ச்சி ஊற்றி, உறைந்த பிறகு கரண்டிக் காம்பால் ஒரு பள்ளம் கீறி, அதில் முட்டையை உட்காரவைத்தேன். சூடாக மேலே ஊற்றிவிடாதீர்கள், வெந்துவிடும்.

குஞ்சு பொரிந்த பிறகு தலைக்குக் கீழே இதயம் துடிப்பது தெரிகிறது. முதல் அறை சுருங்குகிறது, ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் அடுத்தது. இரண்டே அறைகள். அன்று இரவு மாமியாரை எழுப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதையா டம்ளரால் அளந்து விற்கிறோம்?” என்றார்.

போட்ட பணம் திரும்பியது வேறொரு இரவில். இரண்டு வருடங்களாக, பொரிந்த குஞ்சுகளில் பாதி முதல் நாளே வயிறு மேலாக மிதந்து செத்தன. சினை மீனைக் குறை சொன்னோம், மருந்தைக் குறை சொன்னோம். இந்த ஜூனில் மிதந்த குஞ்சு ஒன்றைக் கருவியின் கீழ் வைத்தேன். உடலுக்குள் கரிய விளிம்புடன் ஒரு குமிழ். மீன் மிதக்க உதவும் காற்றுப்பை வந்துவிட்டது என்று மகிழ்ந்து, எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மீன்வள அதிகாரிக்கு வீடியோ அனுப்பினேன். உடனே அழைத்தார்: “ஒரு நாள் குஞ்சுக்குக் காற்றுப்பை ஏதம்மா? இன்னும் நாலு குஞ்சைப் பாருங்கள்.”

பார்த்தேன். ஒன்றுக்கு மஞ்சள்கருவின் ஓரம், ஒன்றுக்கு வால் பக்கம், இன்னொன்றுக்கு மூன்று குமிழ்கள். காற்றுப்பையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முதுகுப் பக்கம் ஒரே இடத்தில், நீந்தத் தொடங்கும் மூன்றாம் நாள் வாக்கில் வரும். குற்றவாளி ஆழ்குழாய்த் தண்ணீர். பூமிக்கடியில் அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல், குஞ்சின் உடலுக்குள்ளேயே பிரிந்திருக்கிறது. துளையிட்ட பிளாஸ்டிக் தட்டுகள் நான்கை அடுக்கி, மழைபோல் விழவிட்டுத் தொட்டியில் சேர்த்தோம். அடுத்த ஈட்டில் தேடிப் பார்த்தும் குமிழ் அகப்படவில்லை. மிதந்தவையும் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான்.

குறைகள் நிறைய. தாங்கி மகா மட்டம். மேசையில் யாராவது டீ டம்ளரை வைத்தால்கூடப் படம் குதிக்கிறது. நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய தையல் இயந்திரத்தின் இரும்புப் பலகையில் கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு படம் என்று தானாக எடுக்கும் மென்பொருள் மூன்று மணி நேரத்தில் உறைந்துபோகிறது, பிறகு வந்து பார்த்தால் வால் துடிக்கத் தொடங்கும் நேரம் மட்டும் இருக்காது. இரண்டு முறை அப்படி ஏமாந்தேன். கிண்ணத்துத் தண்ணீர் கொஞ்சம் என்பதால் சீக்கிரம் சூடாகிறது. அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பண்ணை வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வாங்குபவர்கள் அந்தத் தாங்கியைப் பார்த்ததும் சலித்துப் போவார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். 1600 என்று அச்சிடாமல் இருந்திருந்தால் நான்கு.