தண்ணீர் தீம் பார்க்குக்குக் குடும்பமாகக் கிளம்பும்போது: பையில் எது வருடக்கணக்கில் தாங்குகிறது, எது தாங்குவதில்லை

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) விஜிபி, எம்ஜிஎம், திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வண்டர்லா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், மதுரை பரவையில் அதிசயம். எங்கே போனாலும் பாதி நாள் ராட்டினம், பாதி நாள் தண்ணீர். அதனால் ஊட்டி, கொடைக்கானல் போகும்போது கட்டுகிற மூட்டை இங்கே சரிப்படாது. ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்பதைவிட, நாள் முழுக்க நனைந்து, சாயங்காலம் சுருட்டித் திணிக்கப்பட்டு, அடுத்த சீசனில் திரும்ப எடுக்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் சொல்கிறோம்.

முதலில் துணி. அதிகம் சொதப்புவது இங்கேதான். பெரும்பாலான பார்க்குகளில் நைலான், பாலியஸ்டர், லைக்ரா துணி போட்டால்தான் தண்ணீரில் இறங்க விடுவார்கள். காட்டன் டீ-ஷர்ட், சுடிதார், ஜீன்ஸ், வேட்டி எதற்கும் அனுமதி இல்லை. காட்டன் நூல் பிரிந்து போய் ஃபில்டரை அடைக்கும். நனைந்தால் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சறுக்கில் பாதியில் நிற்க வைக்கும். வாசலில் விற்பதை அவசரத்துக்கு வாங்கினால் அளவும் சரியாக இருக்காது, தையலும் நிற்காது. வீட்டிலிருந்தே ஆளுக்கு ஒரு முழுக்கை ஸ்விம் டாப், முட்டிக்குக் கீழே வரும் லெக்கிங்ஸ் அல்லது ஷார்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸில் இரும்பு ஜிப், பட்டன், ரிவெட் இருக்கக் கூடாது. சறுக்கைக் கீறும் என்று திருப்பி அனுப்புவார்கள். கொலுசு, வளையல் விஷயத்திலும் இதே கதைதான். தாலிச் சங்கிலி உட்பட நகை எதுவும் வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது.

லைக்ரா கலந்த துணிக்கு ஆயுள் குறைவு. குளோரின் அதன் எலாஸ்டிக் இழையை மெல்ல மெல்ல அறுத்துவிடும். உட்காரும் இடத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். முடிபோல வெள்ளையாகச் சின்னச் சின்ன இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் முடிவு நெருங்கிவிட்டது. அடுத்த சறுக்கிலேயே கிழியலாம். லைக்ரா இல்லாத முழு பாலியஸ்டர் துணி அவ்வளவு சிக்கென்று பிடிக்காது, ஆனால் பல மடங்கு உழைக்கும். பிள்ளைகள் எப்படியும் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு லைக்ரா போதும். பெரியவர்களுக்குப் பாலியஸ்டர்தான் லாபம். எதுவானாலும் கிளம்புவதற்கு முன் ஷவரில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, வீட்டில் நிழலில் காயப்போட்டால் ஆயுள் கூடும். வாஷிங் மெஷின் டிரையரும் வெயிலும்கூடத் துணியைக் கெடுக்கும்.

முழுக்கை டாப்புக்கு இன்னொரு காரணம் சன்ஸ்கிரீன். ஒரு பெரியவருக்கு உடம்பு முழுக்கச் சரியாகப் பூச கிட்டத்தட்ட 30 மி.லி. வேண்டும். 50 மி.லி. டியூப் நாலு பேருக்கு ஒரு தடவைக்கே காணாது. தண்ணீரில் இருந்தால் 80 நிமிடத்துக்குள் திரும்பப் பூச வேண்டும். கையும் தொடையும் துணிக்குள் போய்விட்டால் முகம், காது மடல், பின்கழுத்து, புறங்கை, துணிக்கு வெளியே தெரியும் கால், பாதத்தின் மேல்பக்கம் மட்டும்தான் மிச்சம். வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்ட எஸ்பிஎஃப் 50 எடுங்கள். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். பூசிய உடனே குதித்தால் பாதி தண்ணீரோடு போய்விடும். டியூபைக் காரில் விட்டுப் போகாதீர்கள், சூட்டில் திரிந்து தண்ணீர் தனி, எண்ணெய் தனியாகிவிடும்.

போனைத் தண்ணீர் படாமல் வைக்கும் பிளாஸ்டிக் பவுச் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஐபிஎக்ஸ்8 (தண்ணீர் புகாமைக்கான தரக்குறி) என்று அச்சடித்திருப்பது அசையாத தண்ணீரில் சோதித்ததற்கு; உயரமான சறுக்கிலிருந்து வேகமாக வந்து அடிப்பதற்கு அல்ல. சறுக்குக்குப் போனைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. அலைக்குளம், மழை நடனம் இவற்றுக்குப் பவுச் போதும். புதிதாக வாங்கியதும் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால்தான் போன் போகலாம். இதை ஒவ்வொரு சீசனும் செய்ய வேண்டும், ஏனென்றால் பவுச் கெடுவது பையில் அல்ல, மேலே உள்ள பிளாஸ்டிக் கிளிப்பின் கீலில். அந்த மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் உடையப் போகிறது என்று பொருள், தூக்கிப் போடுங்கள். ஏசி ரூமில் வைத்து மூடினால் உள்ளே பனி படியாது. ஈரக் கையோடு நீராவிக்கு நடுவே மூடினால் கேமரா முன்னால் மங்கல்தான்.

சுருட்டி மூடும் டிரை பேக், 10 லிட்டர் ஒன்று, 20 லிட்டர் ஒன்று. வாயை மூன்று சுருட்டாவது சுருட்டிப் பிறகுதான் கொக்கி போட வேண்டும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் சுருட்ட இடம் இருக்காது, தண்ணீர் கசியும். தண்ணீரை உள்ளே விடாமல் இருக்க வாங்கும் இந்தப் பை, சாயங்காலம் நாலு பேரின் ஈரத்துணியை அடைத்துக் கார் சீட்டைக் காப்பாற்றத்தான் அதிகம் பயன்படும். மெல்லிய நைலானில் உள்பூச்சு பூசிய பைகள் எடை குறைவு, ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில வருடத்தில் பூச்சு பிசுபிசுத்து, மடிப்புகளில் செதில் செதிலாக உரியும். தார்ப்பாலின் மாதிரிக் கெட்டியான பிவிசி பை கனம்தான், ஆனால் உழைக்கிறது. குடும்பத்துக்கு அதையே சொல்வோம்.

துண்டு விஷயத்தில் எங்கள் ஓட்டு ஈரோட்டு ஈரிழைத் துண்டுக்கே. டர்க்கி டவல் நாலு வைத்தால் பை நிறைந்துவிடும், சாயங்காலம் வரை காயாது. மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும்; ஆனால் துணி மென்மையாக்கும் கம்ஃபர்ட் போன்றதைப் போட்டுத் துவைத்தால் இழையில் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சவே செய்யாது, வாடையும் விடாது. ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டு: ஒன்று துவட்ட, ஒன்று இடுப்பில் கட்ட.

செருப்பு: பின்பட்டை உள்ள ரப்பர் அல்லது ஃபோம் சான்டல். ஏப்ரல், மே வெயிலில் ஒரு ரைடிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் சிமென்ட் தரை பிள்ளைகளின் காலைப் பொசுக்கிவிடும். க்ராக்ஸ் மாதிரி ஃபோம் செருப்பை மூடிய காருக்குள் வெயிலில் விட்டால் சுருங்கி ஒரு சைஸ் சின்னதாகிவிடும்.

கைக்குழந்தை இருந்தால் சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்காதீர்கள். உள்ளிருக்கும் ஜெல் ஊதி, வெடித்து, குளத்தில் பரவும். ஸ்விம் டயப்பர் மூத்திரத்தைப் பிடிக்காது, மலத்தை மட்டும்தான் தடுக்கும். எனவே தண்ணீருக்குள் போகும்போது மட்டும் போடுங்கள், காரில் அல்ல. மூன்று போதும்.

லாக்கரைக் கணக்கில் வைத்துப் பிரியுங்கள். லாக்கர்கள் பெரும்பாலும் சிறியவை, சூட்கேஸ் நுழையாது. ஒரு பள்ளிக்கூடப் பை அளவு லாக்கருக்கு: மாற்றுத்துணி, துண்டு, சீப்பு, மாத்திரை. மாற்றுத்துணியை ஆளாளுக்குத் தனித்தனி ஜிப் கவரில், உள்ளாடை உட்பட, பெயர் எழுதி வையுங்கள். ஈரத்தரையில், கூட்டத்தில், மொத்தப் பையையும் கிளறும்போதுதான் காய்ந்த துணி கீழே விழுந்து நனைகிறது. கையோடு 10 லிட்டர் டிரை பேக்: போன், கொஞ்சம் பணம், சன்ஸ்கிரீன், கண்ணாடிக்கு ஒரு பின்பட்டை. மற்றதெல்லாம் மூன்றாவது பையில், காரிலேயே.

வெளி உணவு உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாகத் தடை இல்லை. மருந்துச் சீட்டின் நகல் இருந்தால் கேட்டில் பேச்சு குறையும். சாயங்காலத்துக்குக் காரில் புளியோதரை வையுங்கள், தயிர்சாதம் வேண்டாம். மூடிய காரில் மதியத்துக்குள் புளித்துவிடும். பவர் பேங்கையும் காரில் விடக் கூடாது.

தண்ணீருக்குள் இருப்பதால் தாகம் தெரியாது, வேர்ப்பதும் தெரியாது. நாலு மணிக்குப் பிள்ளைகள் சுருண்டு படுப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆளுக்கு 750 மி.லி. பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்புங்கள். ஓஆர்எஸ் வைத்திருந்தால் அளவைப் பாருங்கள்: 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை அரை லிட்டரில் கொட்டினால் உப்புச் செறிவு இரண்டு மடங்காகி, குழந்தைக்கு நல்லதைவிடக் கெடுதல் அதிகம். 200 மி.லி.க்கான சின்ன சாஷே தோதானது: பாட்டிலில் 600 மி.லி. தண்ணீருக்கு மூன்று சாஷே.

வீட்டுக்கு வந்த அன்றிரவே டிரை பேக்கைத் திருப்பிப்போட்டு, பவுச்சின் கிளிப்பைத் திறந்தபடி தொங்கவிட்டு, செருப்பின் பட்டைக்குள் இருக்கும் மணலைக் கழுவிவிடுங்கள். பிள்ளைகளின் உயரத்தையும் கிளம்பும் முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டர்லாவில் டிக்கெட்டும் ரைடும் வயதை வைத்தல்ல, உயரத்தை வைத்துத்தான்.