கேஸ் ஃபயர்பிளேஸில் விறகு எரிக்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்

நியூ ஜெர்ஸி பக்கம் டவுன்ஹவுஸ் வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு கேஸ் ஃபயர்பிளேஸை (கேஸில் எரியும் கணப்பு அடுப்பை) விறகு எரிக்கிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்னவர் 650 டாலர் வாங்கிக்கொண்டு, வீடே பற்றி எரிந்திருக்கக்கூடிய ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போனார்.

தமிழ் வாட்ஸப் குழுவில் கிடைத்த ஹேண்டிமேன். பைலட் (பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) அணைந்து அணைந்து போகிறது, பாருங்கள் என்றுதான் கூப்பிட்டோம். குனிந்து பார்த்துவிட்டு, "வால்வ் போயிடுச்சுக்கா. புதுசு போட்டா ஆயிரத்துக்கு மேல ஆகும். மேலதான் சிம்னி இருக்கே, புகை அதுபாட்டுக்குப் போயிடும். நிஜ விறகே போட்டுக்குங்க" என்றார். ஆபத்தில்லையா என்று என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எத்தனை வீட்டுல பண்ணியிருக்கேன்ணே!" என்பதுதான் பதில். விறகு போலத் தெரியும் பீங்கான் கட்டைகளையும் பர்னரையும் பிடுங்கினார், கேஸ் குழாயின் வாயில் ஒரு மூடியைத் திருகினார், விறகு அடுக்க ஓர் இரும்புச் சட்டத்தை வைத்தார். டவுன் பெர்மிட் கிடையாது. ரசீது இன்றுவரை வரவில்லை.

குளிர் வந்ததும் விறகு வைத்தோம். புகை பாதி அறைக்குள்ளேயே திரும்பியது. மேலே உள்ள சுவரில் கை வைக்க முடியாத சூடு. சற்று நேரத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டறியும் அலாரம் அலறியது. வெளியே ஓடி 911ஐக் கூப்பிட்டோம். தீயணைப்புத் துறையினர் மீட்டரோடு வந்து எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். பிறகு வந்த கேஸ் கம்பெனிக்காரர் அந்த மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி குமிழியாக வந்தது, கேஸ் கசிகிறது என்று அர்த்தம். அதற்கு அரை அடி தள்ளித்தான் விறகு எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் முழுதாகப் புரிந்தது, சிம்னியைச் சுத்தம் செய்து பரிசோதிக்கும், சான்றிதழ் உள்ள சிம்னி ஸ்வீப் ஒருவர் வந்த பிறகுதான். அடியில் இருக்கும் ஜாலியைக் கழற்றி, உள்ளே சங்கிலியில் தொங்கிய ஒரு சின்ன உலோகத் தகட்டை வெளியே இழுத்துக் காட்டினார். திட எரிபொருள் எரிக்கக் கூடாது என்று அதில் பொறித்தே இருக்கிறது. ஹேண்டிமேன் குனிந்து பார்த்தபோது அவர் மூக்குக்கு நேரே இருந்திருக்கும்!

எங்களுடையது பி-வென்ட் வகை, அதாவது கேஸ் புகைக்கு மட்டுமான குழாய் வைத்தது. முன்பக்கம் திறந்து, வலைத் திரையோடு, பார்க்க அசல் விறகு அடுப்பு போலவே இருக்கும். சுவருக்குள் மேலே போகும் குழாய்தான் வேறு. உள்சுவர் மெல்லிய அலுமினியம். கேஸ் புகையின் சூட்டுக்காக, சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரைக்கும் செய்தது. விறகுக்கான உலோகச் சிம்னி தொடர்ந்து 540 டிகிரி வரை தாங்க வேண்டும். விறகுப் புகை படிந்து உண்டாகும் கிரியோசோட் என்ற பிசின் தீப்பிடித்தால் 1000 டிகிரியையும் தாண்டலாம். அலுமினியம் 660லேயே உருகிவிடும். அந்தக் குழாய்க்கு வெறும் ஓர் அங்குலம் தள்ளிக்கூட மரச்சட்டம் இருக்கலாம் என்பதுதான் விதி, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. கேமராவில் பார்த்தபோது குழாய் நிறம் மாறி, ஓரிடத்தில் நெளிந்திருந்தது.

கண்ணாடி போட்டு மூடிய டைரக்ட் வென்டிலும், சிம்னியே இல்லாத வகையிலும் விறகு என்ற பேச்சுக்கே இடமில்லை. செங்கல்லில் கட்டிய பழைய விறகு அடுப்பில் பிற்பாடு கேஸ் கட்டைகளை வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அதைத் திரும்ப விறகுக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் கேஸ் லைனை லைசென்ஸ் உள்ள பிளம்பர் முறையாக அடைக்க வேண்டும், எரிபொருள் மாறுவதால் சிம்னிக்கு லெவல் 2 என்ற, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் நடக்க வேண்டும். கேஸ் வைத்தபோது டாம்பர் (சிம்னியைத் திறந்து மூடும் கதவு) மூடாதபடி மாட்டிய கிளாம்ப் இருந்தால் அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மாநிலத்தில் வீட்டு மராமத்து செய்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் 13விஎச் (13VH) என்று தொடங்கும். எங்கள் ஆளிடம் அப்படி ஓர் எண்ணே இல்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. படங்களோடு மாநில நுகர்வோர் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். பணம் வருமா என்றால் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை.

இவர் "எத்தனை வீட்டுல" என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மாற்றியிருந்தால் இன்றிரவு விறகு வைக்காதீர்கள். ஜாலியைத் திறந்து தகட்டைப் படியுங்கள். கேஸ் வாடை லேசாக வந்தாலும் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.