காரில் வெந்நீர்: 12 வோல்ட் காயிலா, கெட்டிலா?

வழியில் ஒரு டம்ளர் டீ போட, தண்ணீரில் முக்கிச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலா, கெட்டிலா, எதை வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள்.

நேரம்: இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான். காரின் 12 வோல்ட் சாக்கெட் 10 ஆம்பியர் தந்தால் 120 வாட். 30 டிகிரியில் இருக்கும் 200 மில்லி தண்ணீர், துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் கொதிக்க 8 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். வீட்டு கெட்டிலின் வேகத்தை எதிர்பார்க்கவே வேண்டாம்.

பேட்டரி: 10 நிமிடத்துக்கு சுமார் 1.7 ஆம்பியர்-மணி போகும். நல்ல பேட்டரிக்கு அது பெரிய சுமையில்லை. ஆனால் சாக்கெட்டின் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று முதலில் பாருங்கள்.

பாதுகாப்பு: காயில் தண்ணீருக்கு வெளியே சூடானால் எரிந்துபோகும், முழுதாக முங்கிய பிறகே சொருகணும். கெட்டிலில் தானாக அணையும் வசதி இருந்தால் அந்தப் பயமில்லை. எதுவானாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

கழுவுதல்: காயிலைத் துடைத்தால் போதும். ஆனால் பாலில் போட்டால் கம்பி முழுக்கக் கருகிப் பிடிக்கும், சுரண்டினாலும் வாடை போகாது.

விலையும் இடமும் காயிலுக்கே குறைவு. தனியாகப் போகிறவருக்கு அது போதும். குழந்தைகளோடு போகிறவர்கள் மூடியுள்ள ஸ்டீல் கெட்டிலே வாங்குங்கள்.