கோல்ட்டா, சாவேஜா, ரெமிங்டனா? பாக்கெட் பிஸ்டல் சேகரிப்பை எதில் தொடங்குவது

கோல்ட் 1903 மாடலின் பெயரோடு ‘ஹேமர்லெஸ்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் உறுப்பு, இல்லாதது என்று பொருள். ஆனால் ஸ்லைடை (குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதி) கழற்றினால் உள்ளே சுத்தியல் ஒளிந்திருக்கும். சாவேஜ் 1907-ன் பின்பக்கம் சுத்தியல் போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அது சுத்தியலே இல்லை; உள்ளே உள்ள ஸ்ட்ரைக்கரை (பாய்ந்து தோட்டாவைக் குத்தும் ஊசி) பின்னுக்கு இழுத்து வைக்கும் நெம்புகோல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. பெயரையும் வெளித்தோற்றத்தையும் விட்டுவிட்டு, இரும்பில் என்ன வெட்டியிருக்கிறது, எது எப்போது மாறியது என்று பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று அமெரிக்கத் துப்பாக்கிகளைக் காட்டி எதில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். மூன்றையும் மாறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் கோணத்தில் மட்டும் அலசுகிறேன். கையில் எடுத்ததும் முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) உருவுங்கள், அப்புறம் தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். நூறு வயதான துப்பாக்கியிலும் தோட்டா இருக்கலாம்.

கோல்ட் 1903-ஐ வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். 1903 முதல் 1945 வரை, .32 காலிபரில் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) மட்டும் 5,70,000-க்கு மேல் செய்தார்கள். இவ்வளவு செய்ததில் அரியது எங்கே இருக்கும் என்று தோன்றலாம். வரிசை எண்ணில் இருக்கிறது. 72,000-க்குக் கீழே உள்ளவை முதல் வகை: 4 அங்குலக் குழல், முனையில் தனி புஷிங் (குழலைத் தாங்கும் வளையம்). 1908-ல் குழலை 3¾ அங்குலமாகக் குறைத்தார்கள், புஷிங் அப்படியே இருந்தது. 1910-ல் புஷிங்கும் போனது. ஆக, குட்டைக் குழலும் புஷிங்கும் சேர்ந்த இரண்டாம் வகை ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள், சுமார் 33,000 துப்பாக்கிகள். 4 அங்குலம் என்றால் எல்லோரும் பாய்கிறார்கள். எண்ணிக்கையில் அதில் பாதிகூட இல்லாத இரண்டாம் வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. 1926-ல், மேகசினை எடுத்துவிட்டால் சுடாதபடி ஒரு காப்பு வந்தது. கடைசியாக ‘யு.எஸ். ப்ராப்பர்ட்டி’ என்று பொறித்த ராணுவத் துப்பாக்கிகள்; முதலில் நீலப் பூச்சோடும் பிற்பாடு பார்க்கரைசிங் என்ற சாம்பல் நிறப் பூச்சோடும் வந்தன.

கோல்ட்டின் பெரிய பலம் காகிதம். வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், என்ன பூச்சோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று நிறுவனத்தின் ஆவணப் பிரிவே கடிதம் தரும். சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பது புதியவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

ரெமிங்டன் டபுள் டெரிஞ்சரில் (இரட்டைக் குழல் குட்டித் துப்பாக்கி) அந்த நிம்மதி கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு 3 அங்குலக் குழல்கள், .41 ரிம்ஃபயர் (விளிம்பில் தட்டினால் வெடிக்கும்) தோட்டா. 1866 முதல் 1935 வரை வந்தது. ஆனால் தொடர்ச்சியான வரிசை எண் கிடையாது. அதில் இருப்பவை தொகுதி எண்கள். காலத்தைச் சொல்வது குழலின் மேல் உள்ள நிறுவனப் பெயர்தான். ‘இ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ்’ என்றால் 1888-க்கு முந்தையது. ‘ரெமிங்டன் ஆர்ம்ஸ் கம்பெனி’ என்றால் அதன் பிறகு. ‘யு.எம்.சி.’ (யூனியன் மெட்டாலிக் காட்ரிட்ஜ் என்பதன் சுருக்கம்) சேர்ந்திருந்தால் 1911-ஐ ஒட்டியோ அதற்குப் பிந்தியோ. இதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1898 முடிய செய்யப்பட்டதுதான் ‘ஆன்டிக்’ (பழம்பொருள்). நடுவில் உள்ள பெயரோ அந்த ஆண்டுக்கு இரண்டு பக்கமும் நீள்கிறது. பெயரை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

மிக அரிதானது, தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் இல்லாத ஆரம்பக்கால வகை. அப்படி ஒன்று என்று சொல்லி என் கையில் கொடுத்தார்கள். எக்ஸ்ட்ராக்டர் உண்மையிலேயே இல்லை, எனக்கும் நெஞ்சு படபடத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு குழல்களுக்கும் நடுவே அது ஓடுவதற்கான பள்ளம் மட்டும் சுத்தமாக வெட்டி இருந்தது. யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள். ஒரு உறுப்பு இல்லை என்பதைவிட அதற்கான இடமே இல்லை என்பதுதான் சான்று. கீலையும் பாருங்கள். அதன் மெல்லிய காதுகளில் விரிசல் விடாத டெரிஞ்சர் கிடைப்பதே அபூர்வம்.

என் மனம் நிற்பது சாவேஜில். எல்பர்ட் சியர்ல் வடிவமைத்தது. 1907 முதல் 1911 வரை அமெரிக்க ராணுவச் சோதனையில் கோல்ட்டோடு கடைசி வரை மல்லுக்கட்டிய .45 சாவேஜின் தம்பி இது. .32 காலிபரில் தோட்டாக்களை இரட்டை வரிசையாக அடுக்கி 10 கொள்ளும். கோல்ட்டில் 8 தான். பிடித்தகடுகளைப் பிடித்து நிறுத்த ஒரு திருகாணிகூடக் கிடையாது, தகடுகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. திருகாணி எங்கே என்று தேடி நெம்பியவர்களால் உடைந்த ரப்பர் தகடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும்.

இதில் கண்ணுக்கு வேலை அதிகம். ஆரம்பத்தில் உலோகத் தகடு, பிறகு செவ்விந்தியர் தலை பதித்த கெட்டி ரப்பர். நெம்புகோல் முதலில் உருண்டையாக, பின்னாளில் கொம்பு போல நீண்டு. ஸ்லைடின் கோடுகள் முதலில் அகலம், பிறகு நெருக்கம். 1913-ல் வந்த .380 காலிபர் 10,000-க்கும் குறைவு; எண்ணின் வாலில் ‘பி’ எழுத்து இருக்கும். 1915 மாடலில் பின்பக்க நெம்புகோல் வெளியே தெரியாது, பிடியில் ஒரு காப்பும் சேர்ந்தது. .32-ல் சுமார் 6,500, .380-ல் சுமார் 3,900, அவ்வளவே. கோல்ட்டின் ‘அரிய’ இரண்டாம் வகையில் ஐந்தில் ஒரு பங்கு இந்த .32. ஆனாலும் கோல்ட் என்ற பெயருக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லை. அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

போர்ச்சுகல் அரசு வாங்கிய சாவேஜ்களும் உண்டு. தகட்டில் அந்நாட்டுச் சின்னம் இருந்தாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். தகடு ஒரு நிமிடத்தில் மாற்றக்கூடியது, வரிசை எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

தனியாக உட்கார்ந்து கற்கப்போகிறவருக்குக் கோல்ட். தப்பு செய்தாலும் கடிதம் திருத்திவிடும். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் சாவேஜ். டெரிஞ்சரை மூன்றாவதாக வாங்குங்கள். எதை வாங்கினாலும் பொறிப்பு எழுத்துகளை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் மழுங்கி, திருகாணித் துளையைச் சுற்றி லேசாகக் குழிந்திருந்தால் யாரோ தேய்த்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். பூச்சு பளபளவென்று இருக்கும், ஆனால் அந்த அரிய வகையின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.