முகம் பார்த்து வாங்கிய ரிம்

முன் வலது டயரில் மட்டும் அழுத்தம் ஏறவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் நாலைந்து சுற்று வேகமாக ஓட்டிவிட்டு பிட்டுக்குள் (காரை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்தால் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறியிருக்கும். காலையில் நான்கிலும் 30 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். முதல் செஷன் முடிந்து அளந்தபோது மூன்று டயர்கள் 36, 37 என்று காட்டின. முன் வலது 31. வால்வு கசிகிறது போல என்று நினைத்தேன். பக்கத்து பிட்டில் இருந்தவர் சோப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினார். வால்வில் குமிழி இல்லை. டயரின் விளிம்பிலும் இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்தபோதுதான், ஒரு ஸ்போக் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கை) பேரலோடு (டயர் உட்காரும் உருளைப் பகுதி) சேரும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. துடைத்துவிட்டு செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. விரிசல்.

ரிம், அதாவது டயர் மாட்டும் அலுமினியச் சக்கரம், வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 'ஃபோர்ஜ்ட், லைட்வெயிட், டிராக் யூஸ்' (அழுத்தி உருக்கொடுத்தது, எடை குறைந்தது, பந்தயத் தடத்துக்கு ஏற்றது) என்று விளம்பரத்தில் எழுதி விற்றது. நான்குக்கும் சேர்த்து 1,680 சிங்கப்பூர் வெள்ளி.

என் கார் பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) நீட்டித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் நம்மைப் போன்றவர்கள் ஓட்ட நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. மரினா பேயில் ஃபார்முலா 1 நடக்கும், டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முக்கால் டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு, துவாஸ் பாலம் தாண்டி 300 கிலோமீட்டருக்கு மேல் போய் செப்பாங்கில் ஆசையைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் டயர் மேடுபள்ளத்தை விடாமல் பிடித்து ஓடும். சுழலும் எடை குறைந்தால் வேகம் எடுக்கவும் பிரேக் பிடிக்கவும் இலகு. எஞ்சினைத் தொடாமல் காரை மாற்றுவதற்கு இதைவிட நல்ல செலவு இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

ரிம் வாங்கியது சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு கடையில். பெயரைக் கேட்காதீர்கள், காரணம் பிறகு வருகிறது. கடைக்காரர் தமிழர். என் பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறினார். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்தார். "பிராண்ட் ரிம் எடுத்தா நாலாயிரம் சொச்சம் ஆகும் தம்பி. இது அதே ஃபேக்டரி, பேர் மட்டும் போடாம வருது. ஒண்ணு 5.6 கிலோதான், தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன். லேசாக இருந்தது. டயர் மாட்டாத எந்த ரிம்மும் கைக்கு லேசாகத்தான் இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. "நம்ம ஆளு, உங்ககிட்டப் போய்ப் பொய் சொல்வேனா?" என்றும் கேட்டார். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் பெட்டி நிறுக்கும் தராசு இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது 30 கிலோவுக்கு மேல் 200 கிராம் கூடினாலும் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைக்கிற குடும்பம் எங்களுடையது. ஆனால் 1,680 வெள்ளி கொடுத்த ரிம்மை அதே தராசில் மாட்டத் தோன்றவில்லை. செப்பாங்கிலிருந்து திரும்பி டயர்களைக் கழற்றிய பிறகு மாட்டினேன். 8.3, 8.2, 8.5, 8.3. சொன்னதைவிட ஒவ்வொன்றும் இரண்டரை கிலோவுக்கு மேல் கூடுதல். ஒன்றுக்கொன்றே 300 கிராம் வரை வித்தியாசம் வேறு.

சின் மிங்கில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். என் காரை அவர்தான் பழுது பார்க்கிறார். விரிசல் விழுந்த ரிம்மை அவர் மேசையில் வைத்தேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கவிழ்த்துப் போட்டு, இருபது நிமிடம் முதுகிலேயே பாடம் எடுத்தார்.

ஃபோர்ஜ்ட் என்றால் 6061 போன்ற அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் விசையில் அழுத்தி உருக்கொடுத்து, பிறகு தேவையில்லாத இடத்தையெல்லாம் கடைந்தெடுப்பது. அதனால் பின்பக்கத்தில் கருவி ஓடிய மெல்லிய வரிகள், ஸ்போக்குக்குப் பின்னால் கூர்மையாக வெட்டிய குழிகள் தெரியும். காஸ்ட் என்றால் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் கோடு இருக்கும். ரிம்மை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் வட்ட வட்டமாகத் தடம் விட்டிருக்கும். பெயின்டுக்குக் கீழே ஆரஞ்சுத் தோல் போல ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். என் ரிம்மில் இந்த மூன்றும் இருந்தன. விளிம்பில் 'ஃபோர்ஜ்ட்' என்று எழுதியிருந்தது வெறும் ஸ்டிக்கர். அங்கிள் அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பிக் காட்டிவிட்டு மறுபடி ஒட்டிவிட்டார். தட்டிப் பார்த்தால் மணி போல ஒலிக்கும் என்று சிலர் சொல்வார்களே என்று கேட்டதற்கு, கோயில் மணியா வாங்கினாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனால் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை இருக்கிறதே?" என்றேன். எனக்கு அதுவரை பெரிய தைரியம் கொடுத்தது அந்த எழுத்துகள்தான். ஜேடபிள்யூஎல் என்பது, ஜப்பானிய அரசு வகுத்த தரத்தைத் தன் ரிம் எட்டுகிறது என்று தயாரிப்பாளர் தானே சோதித்துப் போட்டுக்கொள்ளும் முத்திரை. சுழற்றி வளைத்துப் பார்ப்பது, சுமையோடு உருட்டிப் பார்ப்பது, எடையைப் போட்டு மோதிப் பார்ப்பது என்று அதற்குச் சோதனைகள் உண்டு. தனி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தால்தான் விஐஏ போடலாம். அச்சு வெட்டுகிற ஆள் நேர்மையானவராக இருக்கும்வரை இதெல்லாம் சரி. அச்சில் மூன்று எழுத்தைச் சேர்த்து வெட்டுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அங்கிள் தேடியது அந்த முத்திரையோடு சேர்ந்து இருக்க வேண்டிய மற்றவற்றை. தயாரிப்பாளர் பெயர், அளவு, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு), தாங்கும் சுமை கிலோவில், வார்த்த தேதி அல்லது தொகுதி எண். என் ரிம்மில் அளவும் ஆஃப்செட்டும் இருந்தன, மற்ற எதுவும் இல்லை. எவ்வளவு தாங்கும் என்று சொல்லாத ரிம்மை மாட்டிக்கொண்டு நான் செப்பாங்கின் 5ஆம் வளைவைச் சுற்றியிருக்கிறேன். நீளமான, வேகமான இடது வளைவு அது, காரின் பாரம் முழுக்க வலப்பக்கம் சாயும். சாலை டயரைவிட, பள்ளங்கள் குறைந்த செமி ஸ்லிக் டயர் தார்ச்சாலையை இறுக்கமாகப் பிடிக்கும், அந்தப் பிடி அத்தனையும் ரிம் வழியாகத்தான் காருக்குப் போகிறது. பிரேக் சூடு அதற்கு மேல். விரிசல் முன் வலதில் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் சாயம். விரிசல் பகுதியைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயத்தைத் தெளித்தார், கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தார், மேலே வெள்ளை மாவு போன்ற ஒன்றை அடித்தார். உள்ளே இறங்கியிருந்த சிவப்பு மெல்ல வெள்ளைக்கு மேல் ஊறி வந்தது. செப்பாங்கில் நான் பார்த்த ஒரு கோடு இங்கே இரண்டு கோடாக வந்தது. மற்ற மூன்று ரிம்களையும் அப்படியே செய்யச் சொன்னேன். ஒன்றில், நட் துளைக்குப் பக்கத்தில், இன்னொன்று. ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிதான் பெரும்பாலும் இப்படிப்பட்ட விரிசலுக்குப் பிறப்பிடம் என்றார். ஸ்போக்கை ஃபோர்ஜ்ட் போலக் காட்ட மெலிதாக்கி, பேரலில் உலோகத்தைக் கொட்டியிருக்கிறார்கள். எடையும் கூடிப் பலமும் குறைந்தது அப்படித்தான்.

நடுத்துளையும் இன்னொரு கதை. என் காரின் ஹப் (சக்கரம் உட்காரும் நடுக்குமிழ்) 60.1 மில்லிமீட்டர், ரிம்மின் துளை 73.1. இடைவெளியை அடைக்கக் கொடுத்த வளையங்கள் பிளாஸ்டிக். ஒரே செஷன் பிரேக் சூட்டில் முன்பக்கத்து இரண்டும் இளகி ஓவலாகியிருந்தன. டிராக்குக்கு அலுமினிய வளையம்தான் போட வேண்டும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டிராக்குக்கு என்று ரிம் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

காஸ்ட் என்றாலே குப்பை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காரோடு வந்த ரிம்மும் பெரும்பாலும் காஸ்ட்தான், வருடக்கணக்கில் உழைக்கிறது. வார்த்த பிறகு பேரலை மட்டும் சூட்டில் சுழற்றி உருட்டி மெலிதாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் ரிம்கள் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. ஜப்பானிய நிறுவனமான என்கேய் அதை எம்ஏடி என்ற பெயரில் செய்கிறது. நேர்மையான தயாரிப்பாளர் எடையை மறைப்பதில்லை. ரேஸ் (Rays) என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டிஈ37 ரிம்மின் பெயரில் உள்ள 37, 15 இஞ்ச் விட்டம், 6 ஜே அகலம் உள்ள அளவில் அது 3.7 கிலோ என்பதைக் குறிப்பது. எடையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், நம்மவரிடம் எடை வாயில் மட்டும் இருந்தது. இரண்டாம் கையாக வாங்கினாலும் பெயருள்ள ரிம்மை, சாயச் சோதனை செய்து வாங்குவேன்.

கடைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். "கெர்ப்ல ஏத்தியிருப்பீங்க தம்பி" என்று வந்தது. ஓரக்கட்டையான கெர்ப்பில் ஏறியிருந்தால் வெளி விளிம்பில் அடி இருக்கும், ஒரு கீறல்கூட இல்லை என்று எழுதினேன். டிராக்கில் ஓட்டினால் வாரண்டி இல்லை என்றார். 'டிராக் யூஸ்' என்று அவரே போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். முதல் இரண்டு பதில்கள் தமிழில் வந்தன. மூன்றாவது ஆங்கிலத்தில் வந்தது, அதில் தம்பி இல்லை.

இங்கே கைகொடுத்தது சிங்கப்பூரின் லெமன் சட்டம். 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடையின் வேலை. தனியாள் தன் பழைய ரிம்மை விற்றால் இது செல்லாது, அதைக் கவனியுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனுப் போட்டேன். 5,000 வெள்ளிக்குள் என்பதால் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வரக் கூடாது, நாமே பேச வேண்டும். விளம்பரம், பேச்சுப் பரிமாற்றம், தராசுப் படங்கள், சாயம் அடித்த படங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன்.

விசாரணைக்கு முந்தைய சந்திப்பிலேயே கடைக்காரர் இறங்கி வந்தார். நான்கு ரிம்மையும் கொடுத்தால் முழுப் பணமும் தருவதாகச் சொன்னார். அங்கே நான் தடுமாறினேன். கொடுத்தால் பெயின்ட் அடித்து வேறொருவர் காரில் ஏறும், இது எனக்கு நன்றாகத் தெரியும். ரிம் என்னிடமே இருக்கும், 1,100 வெள்ளி கொடுங்கள் என்றேன். மனைவி இன்றுவரை அந்த 580 வெள்ளியைப் பற்றிக் கேட்கிறாள். இரண்டு ரிம்மை அங்கிள் அறுத்துப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டார். மற்ற இரண்டும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஸ்டோர் ரூமில், ஊறுகாய்ப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன. பணம் வாங்கித் தீர்த்துக்கொண்ட விவகாரம் என்பதால்தான் கடையின் பெயரைப் போடவில்லை.

விளம்பரம் இன்னும் இருக்கிறது. 'ஃபோர்ஜ்ட்' என்பது 'ஃபோர்ஜ்ட் லுக்' ஆகியிருக்கிறது, 'டிராக் யூஸ்' அப்படியே நிற்கிறது. வெள்ளை நிறம், ஆறு ஸ்போக், 16 இஞ்ச் 7 ஜே, நட் துளை அமைப்பு 5க்கு 114.3, பின்பக்கம் சுமை அளவும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத ரிம். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் அடுத்த செப்பாங் பயணத்துக்கு முன் சக்கரத்தைக் கழற்றி, ஸ்போக் பேரலோடு சேரும் இடத்திலும் நட் துளைகளைச் சுற்றியும் சோப்புத் தண்ணீரும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். நட் துளை விரிசலில் காற்று வராது, அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.