கம்பளிக்குச் சாயம்: நூற்கும் முன் எது, நூற்ற பின் எது?

தக்களியில் நூற்பவருக்கு நிறம் ஏறினால் மட்டும் போதாது. சட்டியிலிருந்து எடுத்த கம்பளி, இழுத்த இழுப்புக்கு விரலில் வழுக்கிப் பிரிந்து வர வேண்டும். கடையில் நூல் வாங்கிச் சாயம் போடுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. அதனால்தான் அவர் சொல்லும் யோசனை பல நேரம் நமக்கு உதவுவதில்லை.

நான் முதலில் பிடித்தது மஞ்சிட்டி என்னும் சிவப்புச் சாய வேரை. நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரம் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். பிறகு கம்பளியின் எடைக்கு எடை வேர்த்தூள் போட்டு இன்னொரு மணி நேரம். சூடு 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு மங்கிப் பழுப்பு தலைகாட்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மஞ்சிட்டியின் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கிறது!

நிறத்தில் குறையே இல்லை. நூற்க உட்கார்ந்தபோதுதான் வினை. மடி முழுக்க வேர்த்துகள். தூளைத் துணியில் முடிந்து போடாதது என் பிழை. ஆனால் இழைகள் சிக்கிக் கிடந்ததற்குக் காரணம் வேறு. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. ஈரமும் சூடும் அசைவும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்; அப்புறம் பிரியாது. மஞ்சிட்டி முறையில் இரண்டு முறை அடுப்பு, இரண்டு முறை அலசல்.

அடுத்தது அமிலச் சாயம், அதாவது அமிலம் சேர்த்தால் கம்பளியில் பிடிக்கும் செயற்கைச் சாயத்தூள். இதற்கு ஒரே சட்டி, ஒரே சூடு. 100 கிராமுக்கு 1 கிராம் தூளும் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலமும் போதும். கொதி வராமல் அரை மணி நேரம் வைத்தால் சாயமெல்லாம் கம்பளிக்குள் போய்விடும். கரண்டியில் மொண்டு பார்த்தால் வெறும் தண்ணீர். தூள் மூக்கில் ஏறாமல் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். அந்தச் சட்டி இனிச் சமையலுக்கு ஆகாது.

கேசரிப் பவுடர் போன்ற உணவு நிறங்களும் இதற்குப் பங்காளிகள்தான். வினிகர் விட்டால் கம்பளியில் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளோடு விளையாட இதுதான் சரி. வெயிலில் வைத்தால் வெளுக்கும். சிவப்பும் நீலமும் கலந்து ஊதா செய்தால், சிவப்பு முந்திக்கொண்டு ஏறும், நீலம் பின்தங்கித் திட்டுத்திட்டாக நிற்கும். நெசவாளர் நொந்துகொள்வார், நூற்பவருக்கோ அது கொண்டாட்டம். நூற்கும்போது அந்தத் திட்டுகள் தாமாகக் கலந்துவிடும்.

ஆகவே நூற்காத கம்பளிக்கு என் ஓட்டு அமிலச் சாயத்துக்கு. மஞ்சிட்டியை நூற்று முடித்து வளையமாகச் சுற்றிய நூலுக்கு, அதாவது சிட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிவிட்டால் சிட்டம் சிக்காமல் அந்த அலசல்களைத் தாங்கும்.

எந்தச் சாயமானாலும் கம்பளியைச் சட்டியிலேயே இரவு முழுக்க ஆற விடுங்கள். ஒருமுறை அவசரப்பட்டுச் சூட்டோடு குழாயடியில் பிடித்தேன். இழைகள் கவ்விக் கட்டியாக இறுகிப்போன அந்தக் கம்பளி இன்றும் எங்கள் வீட்டில் வாணலி தேய்க்கிறது.